டயரை ஊற வைத்த கதை

முட்டாள்தனத்தில் நான் சுயம்பு, யாரும் கற்றுத்தரவில்லை. நான்காம் வகுப்பிலேயே ஒரு மோட்டார் சைக்கிள் டயரை ஊற வைக்கச் சொல்லி, மாமாவுக்கு வரவிருந்த வேலையைக் கெடுத்தவன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. தென்காசியிலிருந்து வந்து, மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டில் ஆறு மாதமாக இருந்தார். ஏலூரில் ஒரு தொழிற்சாலையில் பத்து மணிக்கு அவருக்கு நேர்காணல். அப்பா யார் யாரிடமோ சொல்லி ஏற்பாடு செய்தது. தனக்கு மலையாளம் வராது என்று மாமா சொன்னதால், வழி கேட்க என்னையும் பைக்கில் ஏற்றி அனுப்பினார் அப்பா. பள்ளியில் மலையாளம் படிக்கிறவன் என்ற மிதப்பில் நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

மாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வண்டி நின்ற இடத்திலெல்லாம் வாட்சைப் பார்த்தார், காலரை இழுத்துவிட்டார். தோப்பும்படியில் பின் டயர் புஸ்ஸென்று இறங்கியது. எதிரிலேயே ஒரு பஞ்சர் கடை. வாசலில் ஒரு தொட்டி தண்ணீர்.

கடைக்காரச் சேட்டன் குனிந்து பார்த்துவிட்டு, "டயர் ஊரணம். ஊரட்டே?" என்றார்.

மாமா என்னைப் பார்த்தார்.

"ஊறணுமாம் மாமா. ஊறட்டுமான்னு கேக்குறாரு."

"எவ்ளோ நேரம்ல ஊறணும்?"

தொட்டியைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்து ஊறுவது இட்லி அரிசி ஒன்றுதான். "நாலு மணி நேரம்."

"அப்ப ஊறட்டும்," என்று மாமா சேட்டனிடம் தலையாட்டிவிட்டு, சாயாக்கடைக்கு நடந்தார். எனக்குப் பழம்பொரி வாங்கித் தந்தார். எர்ணாகுளம் பஸ்கள் எங்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தன. ஒன்றில் ஏறிவிடலாமே என்று எனக்குத் தோன்றவில்லை. வாய் நிறையப் பழம்பொரி. மாமா காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். பத்து மணி தாண்டியதும் ஆட்டம் நின்றது.

மதியம் திரும்பினால் சேட்டன் கொதித்துக்கொண்டிருந்தார். "அரை மணிக்கூறில் தீர்ந்நதா. நிங்ஙள் எவிடெப் போயி?" டயரைக் கழற்றி, ஒட்டி, அரை மணி நேரத்திலேயே மாட்டி வைத்திருந்தார்.

ஊரணம் என்றால் கழற்ற வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. வீட்டில் மாமா என்னைக் கைகாட்டினார். அப்பா ஒரு மாதம் என்னை "வாங்க வித்வான்" என்றுதான் கூப்பிட்டார். மாமா அடுத்த வாரமே தென்காசிக்குப் போய் லாரியில் கிளீனராக ஏறிவிட்டார்.

இத்தனை வருடமும் எனக்குள் அது உறுத்தியது. போன மாதம் தன் சொந்த லாரியில் சரக்கோடு கொச்சி வந்தவரிடம் சொல்லியேவிட்டேன். "மாமா, ஊரணம்னா கழட்டணும்னு அன்னைக்கு எனக்குத் தெரியாது."

வண்டியைக் கிளப்பிக்கொண்டே சொன்னார்: "உனக்குத்தாம்ல தெரியாது. எனக்குத் தெரியும்."