ரசம் போன மூலை

என்னிடம் ஒரு பழைய ஃபிலிம் கேமரா உண்டு. கையில் தூக்கினால் கல் மாதிரி கனக்கும். கண்ணை வைத்துப் பார்க்கும் இடத்துக்குள் இருக்கும் ப்ரிஸக் கண்ணாடியில் ரசம் உரிந்து, இடது மூலையில் கறுப்புத் திட்டு விழுந்திருந்தது. எடுக்கும் படத்தில் அது பதியாது என்பதால் நானும் கண்டுகொள்ளவில்லை.

போன வருஷம் மாமல்லபுரம் கடற்கரையில் முக்காலி போட்டு, அலைகளைக் கேமராவுக்குள்ளேயே பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தேன். ஃபிலிம் தீர்ந்ததும் கண்ணை எடுத்தேன். கடல் வெறுமையாக இருந்தது. கிளம்பி வந்துவிட்டேன்.

ஃபிலிமைக் கழுவியபோதுதான் தெரிந்தது. இடது மூலையில், கழுத்தளவு நீரில், முகம் தெளிவில்லாமல் ஒரு பெண் கைகளைத் தூக்கியிருந்தாள். அடுத்த படத்தில் கைகள் மட்டும்தான் இருந்தன.

மறுநாளே ஓடினேன். கரையில் மீன் வறுத்து விற்கும் அக்காவிடம் படத்தைக் காட்டினேன்.

"இந்தப் பொண்ணா? அலை ரொம்ப தூரம் இழுத்துகினு போச்சு, எங்க ஆளுங்க போட்ல போயி தூக்கிகினு வந்துட்டாங்க. உசுரோட கீது. ஊரப்பாக்கமாம்."

எனக்கு மூச்சு வந்தது. அவர் என் கேமரா பையையே உற்றுப் பார்த்தார்.

"அண்ணாத்த, அன்னிக்கி நின்னுகினு இருந்தது நீதானா? கண்ணு முழிச்சதும் அது இன்னா கேட்டுச்சு தெரியுமா? 'கேமரா வச்சிருந்தவரு என்னையேதான் பாத்துகினு இருந்தாரு, ஏன் வரல'ன்னு கேட்டுச்சு."

ப்ரிஸத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

செங்கல்பட்டிலிருந்து தினமும் ரயிலில்தான் வேலைக்குப் போகிறேன். ஊரப்பாக்கத்தில் ஏறும் பெண்களில் அவள் யாரென்று எனக்குத் தெரியாது. அவளுக்கு என்னைத் தெரிந்திருக்கலாம்.