நாலுவழிச் சாலையில் ஒரு கல்யாணப் பாவு

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆரணியில் ஒரு டிராஃபிக் ஜாமில் மாட்டிக்கொண்டேன். ‘இதெல்லாம் ஒரு செய்தியா? நாங்கள் தினமும்தான் மாட்டுகிறோம்’ என்பீர்கள். பொறுங்கள்... எங்களை மறித்து நின்றது லாரியோ ஊர்வலமோ இல்லை. பட்டு!

முதலில் ரோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் போளூர் ரோட்டை நாலு வழியாக்குகிறார்கள். அதைத் திட்டி இந்தப் பக்கத்தில் எத்தனை வாரம் எழுதியிருக்கிறேன் என்பது உங்களுக்கே தெரியும். தூசி, பள்ளம், ஊரையே சுற்றவைக்கும் டைவர்ஷன்... திட்டுவதற்கு விஷயமா இல்லை?

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் முடிந்து, கன்னங்கரேலென்று, ஒரு மேடு பள்ளம் இல்லாமல் புது ரோடு நீண்டு கிடந்ததை முதல்முதலாகப் பார்த்த அன்று திட்டுவதையே மறந்துவிட்டேன். வெள்ளைக் கோடுகள் என்ன, பளபளக்கும் ரிஃப்ளெக்டர்கள் என்ன! நடுவே கான்கிரீட் மீடியன். ஆஸ்பத்திரித் தெருவுக்குத் திரும்ப மட்டும் அதில் ஓர் இடைவெளி.

பழைய ரோட்டில் அந்த இடம் இருக்கிறதே... பஸ், டிராக்டர், ஸ்கூல் வேன், ஷேர் ஆட்டோ எல்லாம் ஒரே நேரத்தில் மூக்கை நுழைக்கும். அங்கே விழுந்து எழுந்தவர்கள் எங்கள் தெருவில் உண்டு. எழுந்திருக்காதவர்களும் உண்டு. அந்த இடத்தையா இப்படி மாற்றிவிட்டார்கள் என்று ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து நின்றேன்.

நான் அங்கே ரோட்டைப் பார்த்தேன். கஜேந்திரனுக்கு அது வேறு மாதிரி தெரிந்திருக்கிறது.

கஜேந்திரன் எங்கள் பக்கத்துத் தெருக்காரர். பட்டு நெசவு. ஊர் உலகத்துக்கெல்லாம் கல்யாணச் சேலை நெய்தவர். இப்போது அவருடைய மகள் கல்பனாவுக்கே கல்யாணம். முகூர்த்தச் சேலையைத் தன் கையாலேயே நெய்து தர வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. கலரை மகள் தேர்ந்தெடுத்தாள் — நல்ல மாம்பழ மஞ்சள்.

தறியில் ஏற்றும் முன், சேலையின் நீளவாக்கு இழைகளைத் தெருவில் இழுத்துக்கட்டி, கஞ்சி தெளித்து, பிரித்து, நேராக்கிக் காயவைக்க வேண்டும். அதுதான் பாவு. கஜேந்திரன் போட்டது மூன்று சேலைக்கான பாவு. ஆயிரக்கணக்கான இழைகள். ஈரத்தோடு அவசரமாக அவிழ்த்தால் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அப்புறம் அழுதாலும் பிரியாது. அதனால் பாவு நீட்டியிருந்தால் ஆரணிக்காரர்கள் யாரும் குறுக்கே போகமாட்டார்கள். எவ்வளவு அவசரமானாலும் சுற்றிக்கொண்டுதான் போவார்கள்.

கஜேந்திரனின் தெருவையோ கால்வாய்க்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். கல்யாணம் நெருங்குகிறது, பாவு போட இடமில்லை. இந்த நேரத்தில் நேராக, வழவழவென்று, வண்டியே வராத ஒரு ரோடு கண்ணெதிரே கிடந்தால்? திறப்பு திங்கட்கிழமை என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்கள். மீடியன் இடைவெளியையும் டிரம் வைத்து அடைத்திருந்தார்கள். மனுஷர் யோசிக்கவே இல்லை. ஞாயிறு விடிந்ததும் மகளோடும் நாலு சொந்தக்காரர்களோடும் வந்து, மீடியனை ஒட்டினாற்போல், அந்த இடைவெளிக்கும் குறுக்கே, பாவை நீட்டிவிட்டார். ஒரு முனையை எதில் கட்டினார் தெரியுமா? அங்கே நின்ற ரோடு ரோலரில்! மறுமுனை, ஓரத்தில் அடுக்கியிருந்த கான்கிரீட் கட்டைகளில்.

பாவு பாதிதான் காய்ந்திருக்கும். கான்ட்ராக்டரின் ஆட்கள் வேனில் வந்து டிரம்களை ஏற்றிக்கொண்டு, பழைய டைவர்ஷனையும் மூடிவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு நாள் முன்னதாகவே! கண்ணெதிரே பாவு இருக்கிறதே என்று கஜேந்திரன் கேட்டதற்கு, “எங்களுக்கு டிரம் எடுக்கச் சொல்லித்தாங்க ஆர்டரு” என்றார்களாம்.

அப்புறம் என்ன? ஆஸ்பத்திரித் தெருவுக்குத் திரும்பிய வண்டிகள் பாவைப் பார்த்து நின்றன. அவற்றின் பின்னால் நேராகப் போக வேண்டியவையும் நின்றன. போளூரில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குக் கிளம்பிய நானும் நின்றேன். டிஃபன் தீர்ந்துவிடுமே என்ற கவலையில் ஹாரனை விடாமல் அமுக்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மஞ்சள் ஹெல்மெட் போட்ட சைட் இன்ஜினியர் ஓடிவந்தார். வெளியூர்க்காரர். “என்னங்க இது! நாலுவழிச் சாலையில வந்து துணி காயப்போட்டிருக்கீங்க?”

“துணி இல்ல சார், பாவு. திங்கக்கெழமன்னு நீங்கதான சார் சொன்னீங்க? காஞ்சிகினே இருக்குது. செத்த நேரம் குடுங்க, சுத்தி எடுத்துடறேன்” என்று கையெடுத்துக் கும்பிட்டார் கஜேந்திரன்.

“பொண்ணு கல்யாணப் பாவு சார், விடுங்க. நாங்க நிக்கறோம்” என்றார் ஒரு ஷேர் ஆட்டோக்காரர். ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் ‘நிற்கிறேன்’ என்று சொல்லி என் வாழ்நாளில் அன்றுதான் கேட்டேன்.

அப்போதுதான் சைரன் சத்தம் கேட்டது.

படவேட்டுப் பக்கமிருந்து வந்த ஆம்புலன்ஸ். இருந்த வண்டிகளெல்லாம் ஓரம் ஒதுங்கி எப்படியோ வழிவிட்டு, அது இடைவெளிக்குள் மூக்கைத் திருப்பி, பாவுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. சுற்றிப் போக ஒரு பக்கம் ரோலர், ஒரு பக்கம் கட்டைகள். ரிவர்ஸ் எடுக்கலாம் என்றால் பின்னால் வண்டிகள் மறுபடி அடைத்துக்கொண்டன. டிரைவர் தலையை நீட்டிக் கத்தினார். “ஜல்தி ஏதாவது பண்ணுங்க! உள்ள மூச்சு தெணறிகினு இருக்குது!”

கஜேந்திரன் பாவைப் பார்த்தார். ஆம்புலன்ஸைப் பார்த்தார். ரோலரில் கட்டிய கயிற்றின்மேல் கையை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

“அறுத்துடு நைனா” என்றாள் கல்பனா. “சேல கடையில வாங்கிக்கலாம். அறுத்துடு!”

அவர் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தேவிட்டார்.

“இருங்க, இருங்க! இன்னாத்துக்கு அறுக்கறது? தூக்குங்கய்யா!” — யார் சொன்னது என்று தெரியவில்லை. பஸ்ஸிலிருந்து ஒரு குரல்.

அடுத்து நடந்ததை என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள், டிராக்டரிலிருந்து குதித்தார்கள். ரோடு வேலைக்கு நட்டிருந்த நீளமான சவுக்குக் கம்புகள் இரண்டைப் பிடுங்கினார்கள். பட்டு சிராய்த்துவிடக் கூடாதே என்று கல்பனா துப்பட்டாவை உருவிக் கம்பில் சுற்றினாள். இன்னொன்றுக்கு நாலைந்து பேர் தோள் துண்டைக் கொடுத்தார்கள். இடைவெளியின் இரு ஓரத்திலும் பாவுக்கடியில் கம்புகளை நுழைத்தார்கள். இந்தப் பக்கம் மீடியன்மேல் ஏறி நின்றார்கள். அந்தப் பக்கம் கான்கிரீட் கட்டைகளை அடுக்கி ஏறினார்கள். சத்தம் போட்ட அந்த இன்ஜினியரும் ஒரு கட்டைமேல் நின்றுகொண்டிருந்தார்.

கஜேந்திரன் கத்தியை எறிந்துவிட்டுக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். “மெதுவா... ரெண்டு பக்கமும் ஒண்ணா... இன்னும் கொஞ்சம்...” என்று அவர் சொல்லச் சொல்ல, மஞ்சள் பாவு ரோட்டைவிட்டு எழும்பியது. இடுப்பு உயரம், தலை உயரம், அதற்கும் மேலே. பின்னால் வெயில். ஈரப் பட்டு தங்கமாக மின்னியது.

டிரைவர் என்ன நினைத்தாரோ, சைரனை அணைத்தார். ஆம்புலன்ஸ் ஊர்ந்து, அந்தப் பந்தலுக்கு அடியில் நுழைந்தது. கூரை விளக்குக்கும் பட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான் இருந்திருக்கும். அந்தப் பக்கம் போனதும் சைரன் மறுபடி அலறியது. பின்கண்ணாடி வழியாக உள்ளேயிருந்து இரண்டு கைகள் எங்களைப் பார்த்துக் கும்பிட்டன.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய், கண் கலங்கிவிட்டது. உள்ளே இருந்தது யார், எந்த ஊர்? அங்கிருந்த ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் யாரும் காத்திருக்கவில்லை. ஹாரன் அடித்த இதே ஜனங்கள்தான். சைடு கொடுக்காமல் தினமும் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட இதே பஸ், இதே டிராக்டர்தான். இவர்களுக்குள் இப்படி ஒன்று இருக்கிறது என்று எனக்கு ஏன் இத்தனை வருஷம் தெரியாமல் போனது? சாலையைப் பாதுகாப்பாக்க மீடியன் வேண்டும், கோடு வேண்டும், எல்லாம் வேண்டும். அதையெல்லாம் போட்ட பிறகும் மிச்சம் ஒரு வேலை நமக்கு இருக்கிறது போலிருக்கிறது.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? கம்பு தூக்கிய ஏழெட்டுப் பேரின் ஹெல்மெட்டைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதுவும் ஒரு சேவைதானே!

பாவை இறக்கினார்கள். இன்ஜினியர் தன் பைக்கைக் கொண்டுவந்து இடைவெளியில் குறுக்கே நிறுத்திவிட்டு, டைவர்ஷனை மறுபடி திறக்கச் சொல்லி யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தார். வண்டிகள் நகர ஆரம்பித்தன. கஜேந்திரன் மட்டும் குனிந்து இழை இழையாகத் தடவிப் பார்த்துக்கொண்டே போனார். கம்பு பட்ட இடத்தில் கொஞ்சம் இழைகள் அறுந்திருந்தன. ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டார்.

“ஒண்ணும் பேஜார் இல்லம்மா” என்றார் மகளிடம். “முடிச்செல்லாம் நடு சேலையிலதான் வருது. மொத சேலைய உனுக்கு நெய்ஞ்சிடறேன். அதுல ஒரு குத்தம் இருக்காது.”

கல்பனா கசங்கிய துப்பட்டாவை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

“எனுக்கு அந்த நடு சேலதான் வேணும், நைனா.”