குப்பை போட்டுப் பார்ப்பவள்

துடைத்து வைத்த தரையில் பாஞ்சாலி ரவையைக் கொட்டினாள். வீசமாட்டாள், சமையலறையில் கை தவறிச் சிந்துவதுபோல மணிக்கட்டைச் சாய்ப்பாள். "வேணும்னு கொட்னா மிசினு கண்டுக்கும்" என்பாள். அப்புறம் கோலமாவு, சீப்பில் சிக்கிய தலைமுடி. தூசி உறிஞ்சும் ரோபோக்கள் சுற்றி முடித்ததும் குத்துக்காலிட்டு, விட்டுப்போனதை விரலால் தொட்டுப் பார்ப்பாள். ஒன்பது வருடமாக இதுதான் அவள் வேலை.

அதற்கு முன் அடையாற்றில் ஸ்ரீகிருஷ்ணாவின் வீட்டில் பெருக்கிக்கொண்டிருந்தாள். அவன் கார் ஷெட்டில் செய்த முதல் ரோபோ மாடிப்படியில் உருண்டு உடைந்தது. இரண்டாவது, வாசல் கோலத்தை வீடு முழுக்கப் பூசியது. பாஞ்சாலி சிரித்து ஓய்ந்து, "மூலைல போய் முட்டிக்கினு நிக்குது தம்பி. நான் எப்டி திரும்பறேன், பாரு" என்று துடைப்பத்தை எடுத்தாள். அவள் கை வளைந்ததை அவன் படம் பிடித்தான். மூன்றாவது ரோபோ அப்படியே திரும்பியது. ஊரெல்லாம் வாங்கினார்கள். ஸ்ரீகிருஷ்ணா கம்பெனி தொடங்கி, தரமணியில் இரண்டு மாடி பிடித்தான். போன வருடம் ஒரு வெளிநாட்டு நிறுவனம் கம்பெனியை வாங்கியது. பெயர்ப்பலகை மாறியது, பாஞ்சாலி மாறவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை ரவையைக் கொட்டிய பிறகு, சோதனை அறையின் பன்னிரண்டு ரோபோக்களில் ஒன்றுகூட அசையவில்லை. சார்ஜ் இல்லையோ என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். ஸ்ரீகிருஷ்ணா உள்ளே வந்தான்.

"கம்பெனிய மூடிட்டாங்கக்கா. காலைல மெயில் வந்துச்சு. அவங்க ஊர்ல இருந்து இதுங்களை ஓட்டற சர்வரை நிறுத்திட்டாங்க. வீடுங்கள்ல இருக்கறதும் இனிமே ஓடாது."

"இன்னா தம்பி சொல்ற? நேத்துகூட ஓடிக்கினு இருந்துச்சே!"

"எனக்கே இப்பத்தான் தெரியும்."

"ஒண்ணுகூடவா ஓடாது?"

"ஒண்ணுகூட."

பாஞ்சாலி ஒரு ரோபோவைக் கையில் தூக்கிப் பார்த்தாள். "ஜனங்க வூட்ல கீற பொருளு அது. எங்கியோ குந்திக்கினு அத எப்டி சாவடிப்பான்?"

அடுத்த அறையில் வாடிக்கையாளர்கள் கூப்பிடும் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. ஒன்று ஓய்வதற்குள் இன்னொன்று. அங்கே வேலை செய்தவர்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் லிஃப்டுக்குப் போனார்கள். ஸ்ரீகிருஷ்ணா ரவை மேலேயே உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

பாஞ்சாலி அங்கே போனாள். அந்தத் தொலைபேசிகளை அவள் ஒருநாளும் தொட்டதில்லை. முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு ஒன்றை எடுத்தாள். மறுமுனையில் வயதான பெண்குரல்.

"ஏம்மா, எங்காத்துல அது நடு ஹால்ல நின்னுண்டே இருக்கு. நேக்குக் குனிய முடியாது. யார் பேசறது?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கம்பெனிதாம்மா பேசறேன். சொல்லுங்க."