விசாரிக்காமல் அனுப்பிய வீடியோ

ஐந்தாவதோடு பள்ளியை விட்டு, பாலக்கரையில் தனி ஆளாக மூன்று லேத் பட்டறை போட்டவன் நான். எனக்கு யாரும் யோசனை சொன்னதில்லை; நான்தான் சொல்வேன்.

அரசு காப்பீட்டு அட்டை எல்லாத் தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும் என்று போனில் வந்த வீடியோவை நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். லால்குடி செல்வராசு அதை நம்பி, பக்கவாதம் வந்த மனைவியை அப்படியொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அட்டை செல்லாது என்றார்கள். வேறு இடம் சேர்வதற்குள் நேரம் போய்விட்டது. அந்த அம்மா உயிர் பிழைத்தார், ஆனால் வலது கை விளங்கவில்லை.

பார்க்கப் போனேன்.

"நீங்க சொன்னா சரியா இருக்கும்னு போனேண்ணே" என்றார் செல்வராசு.

அவர் மனைவி காபி நீட்டினார். "இடது கைதான் வருது, தப்பா நினைக்காதீங்க."

குடித்தேன்.

இப்போது அரசு இணையதளத்தில் மருத்துவமனைப் பட்டியலைப் பார்த்து, அந்த மருத்துவமனைக்கும் போன் போட்டுக் கேட்ட பிறகே இப்படிப்பட்ட தகவலை அனுப்புகிறேன். செல்வராசுக்கு மட்டும் இன்னும் எதுவும் அனுப்பவில்லை.