இரண்டு அத்தைகள்

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து 'பீப்' என்று கேட்டது. ஒரு நிமிடம் கழித்து இன்னொரு 'பீப்'.

"பேட்டரியா இருக்கும் மேடம்," என்றார் மென்பொருள்காரர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. "யு.பி.எஸ்ஸுக்கு வயசானா இப்படித்தான் அழும். நமக்கே மூட்டு வலிக்கலையா?"

பெட்டிக்காரம்மாவும் அதை அப்படியே விட்டுவிட்டாள். அந்தப் பக்கம் இருந்தது பழைய இயந்திர அறை. கால் ஒடிந்த கட்டில்களையும் சக்கரம் கழன்ற நாற்காலிகளையும் ஆறு வருடமாக அங்கேதான் போட்டு வைக்கிறார்கள். அங்கே அழுவதற்கு என்ன இருக்கிறது?

தொண்டை நோய்க்கென்றே இருக்கும் அந்த ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறாள் அவள். ஸ்கேன் படங்கள், பரிசோதனை முடிவுகள், நோயாளிகளின் பதிவுகள் எல்லாம் போய்ச் சேர்வது இரும்புச் சேமிப்புப் பெட்டிகளில். ஒரு பெட்டிக்குள் பன்னிரண்டு டிஸ்க், சிலவற்றில் இருபத்துநாலு. அவற்றைக் காப்பாற்றி வைப்பதுதான் அவள் வேலை. அதனால்தான் பெட்டிக்காரம்மா. அவள் தன் பெட்டிகளுக்கு உறவுப் பெயர் வைத்திருந்தாள்: பெரியப்பா, சித்தி, மச்சான், அத்தை. ஒருமுறை படிக்கட்டில் யாரிடமோ போனில், "பெரியப்பாவுக்கு ரெண்டு டிஸ்க் போயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டு போனாள். பின்னால் வந்த புது நர்ஸ், நல்ல எலும்பு டாக்டர் ஒருவரின் நம்பரை எழுதி அவள் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பழைய கட்டடத்தின் மின்சாரத்தை அடியோடு துண்டிக்கப் போகிறார்கள். ஆஸ்பத்திரி புதுக் கட்டடத்துக்குப் போகிறது. எந்தெந்தப் பெட்டிகள் கூட வர வேண்டும் என்பதற்கு மென்பொருள் எடுத்துத் தரும் பட்டியல்தான் ஆதாரம் என்று நிர்வாக அதிகாரி சொல்லிவிட்டார். பட்டியலில் இல்லாதது, இடிக்க வருபவர்களுக்கு.

பட்டியலில் அவள் முதலில் தேடிய பெயர் அத்தை. அத்தைக்குள் குரல்கள் இருந்தன.

அறுவைச் சிகிச்சையில் குரல்வளையை எடுத்துவிட்டால் மனிதனுக்கு அப்புறம் குரல் கிடையாது. அதனால் கத்தி வைப்பதற்கு முன்னால், பேச்சுப் பயிற்சி டாக்டரம்மா ஒவ்வொருவரையும் கண்ணாடி அறையில் உட்கார வைத்து இரண்டு மணி நேரம் பேசச் சொல்லிப் பதிவு செய்வார். பிற்பாடு அவர்கள் போனில் எழுதினால், அது அவர்கள் குரலிலேயே பேசும். நானூற்றுப் பன்னிரண்டு பேரின் குரல்கள் அப்படிச் சேர்ந்திருந்தன. அதில் ஒன்று, பெட்டிக்காரம்மாவின் வீட்டுக்காரருடையது.

பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். எத்தனையோ பேரை ஊர் போய்ச் சேர வைத்த குரல். ஆறு வருடமாக அவர் பேசுவதெல்லாம் எழுத்தில்தான். போன் தன் குரலில் பேச வேண்டாம் என்று மறுத்துவிட்டார். "இருக்கட்டும். இருக்குன்னு தெரிஞ்சாப் போதும்" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அவளும் அதைக் கேட்டதில்லை. இருக்கிறது என்று தெரிந்து, அந்தத் தெம்பிலேயே ஆறு வருடத்தை ஓட்டிவிட்டாள்.

மென்பொருள்காரர் வெளியூர்க் கம்பெனியிலிருந்து வந்தவர். ஐம்பது வயது, நெற்றியில் ஏற்றிய கண்ணாடி. முதல் நாள் காலை, எந்த முகவரி எண் முதல் எந்த எண் வரை தேட வேண்டும் என்று எழுதினார். உள்ளே எதையும் மாற்றாமல் பார்க்க மட்டும் உதவும் ஒரு கடவுச்சொல்லைக் கொடுத்தார். ஒரு பொத்தானை அழுத்தினார். அவ்வளவுதான். வெறும் எண்களாலான ஒரு தெருவில் அந்த மென்பொருள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியது. யார் உள்ளே? யார் உள்ளே? பதில் வந்த இடத்திலெல்லாம் திரையில் ஒரு விளக்கு முளைத்தது. பெரியப்பா. சித்தி. மச்சான். ஒவ்வொரு பெட்டியும் தன் பெயர், வயது, உடம்புச் சூடு, எத்தனை டிஸ்க், எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று வாய் திறந்து சொன்னது. பதினெட்டு வருடமாக அவள் குனிந்து, நிமிர்ந்து, கைவிளக்கு அடித்துப் பார்த்ததை அது நாலு நிமிடத்தில் பார்த்துவிட்டது. கோயில் வாசலில் நிற்பவளைப் போலத் தன்னை அறியாமல் அவள் செருப்பைக் கழற்றியிருந்தாள்.

பெரிய பெட்டிகளுக்கு இரண்டு தலை உண்டு. ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கும். ஒவ்வொரு தலைக்கும் ஒரு முகவரி. இரண்டு முகவரியிலிருந்து ஒரே பெயர் வந்தால் மென்பொருள் நின்று கேட்கும், இரண்டையும் ஒரே பெட்டியாகச் சேர்க்கட்டுமா என்று. பத்துத் தடவை கேட்டது, பத்துத் தடவையும் அவள் சேர்க்கச் சொன்னாள். அத்தை பெயரோடு பதினோராவது தடவை கேட்டபோது, பழக்கத்தில் தலை தானாகவே ஆடியது. பட்டியல் முடிந்தது. பதினோரு பெட்டிகள்.

மறுநாள், வியாழக்கிழமை காலை, அத்தைக்குப் பைத்தியம் பிடித்தது.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மென்பொருள் ஒவ்வொரு பெட்டியையும் நலம் விசாரிக்கும். அத்தை ஒருமுறை பச்சையாக இருந்தாள். அடுத்த முறை சிவப்பு, இரண்டு டிஸ்க் செத்துவிட்டன என்றாள். அதற்கடுத்த முறை பச்சை, எல்லாம் சுகம். மறுபடியும் சிவப்பு. மென்பொருள்காரர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். பழைய பெட்டி உளறுகிறது, இந்த எச்சரிக்கையை அடக்கி வைத்துவிடலாம் என்றார். அவர் கை பொத்தானுக்குப் போய்விட்டது.

"இருங்க சார்," என்றாள் பெட்டிக்காரம்மா.

பச்சையாக இருக்கும்போது அத்தை பாதி நிறைந்திருந்தாள். சிவப்பாகும்போது முக்கால் நிறைந்திருந்தாள். ஐந்து நிமிடத்தில் யாராலும் அவ்வளவு சாப்பிட முடியாது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் 'பீப்' என்றது. சட்டென்று அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"சார், அத்தைக்கு ஒரே தலைதான்."

"அப்போ இன்னொரு முகவரி?"

"அது இன்னொரு ஆள். உளறல் இல்ல சார். ரெண்டு பேரு மாத்தி மாத்திப் பேசறாங்க."

ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரு மத்தியானம் அவள் கண் முன்னே வந்து நின்றது. குரல்கள் பெருகிக்கொண்டே போனதால் அத்தையைப் போலவே இன்னொரு பெட்டி வாங்கினார்கள். முதல் அத்தையின் அமைப்புகளை அப்படியே நகல் எடுத்துப் புதுப் பெட்டிக்குள் போட்டவள் அவள்தான். எல்லோரும் செய்வதுதான், அரை நாள் வேலை மிச்சம். முகவரியை மாற்றினாள். அடுத்து பெயரைச் 'சின்ன அத்தை' என்று மாற்ற வேண்டும். அப்போதுதான் மேல் மாடியிலிருந்து போன் வந்தது. அவள் வீட்டுக்காரரின் தொண்டையில் எடுத்த சதைக்குப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு மாடிப்படி ஏறியவள், மூன்று மாதம் கழித்துத்தான் அந்த நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தாள்.

அதற்குள் அவளுக்குப் பதிலாக இருந்தவர் குரல்கள் எல்லாவற்றையும் புதுப் பெட்டிக்கு மாற்றி, அதைக் குரல் பிரிவுக்குக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போயிருந்தார். மற்றப் பெட்டிகளெல்லாம் இந்த அறைக்கு வந்திருந்தன. அத்தை என்ற பெயரில் ஒரு பெட்டி கண்ணில் பட்டது. அழுது வீங்கிய கண் அதற்கு மேல் எண்ணவில்லை. தினமும் எடுக்கும் நகலும் பெயரைப் பார்த்துத்தான் ஓடியது. அத்தைக்கு நகல் எடுத்தாயிற்று என்று ஒவ்வொரு நாளும் அது சொன்னது பொய்யில்லை. ஆனால் எடுத்தது முதல் அத்தையை. குரல்களுக்கு உலகத்தில் வேறு பிரதியே இல்லை.

சாவியை வாங்கிப் பழைய அறையைத் திறந்தார்கள். கட்டில்களை நகர்த்தி, நாற்காலிக் குவியலைப் பிரித்து, மூலைக்குப் போனால், அங்கே ஒற்றை ரேக்கில் அவள் நின்றாள், சின்ன அத்தை. முகமெல்லாம் தூசு. பத்து விளக்குகள் பச்சையாக மின்னின, இரண்டு மஞ்சளாக எரிந்தன. பெட்டிக்காரம்மா மேலே கை வைத்தாள். காய்ச்சல்காரியின் நெற்றி போலச் சுட்டது. ஆறு வருடம். ஒருவரும் எட்டிப் பார்க்காமல், பெயர் கூடச் சொந்தமாக இல்லாமல், குப்பைக்கு நடுவில் நின்றுகொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் குரலை எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. இன்னும் ஒரே ஒரு டிஸ்க் போனால் எல்லாம் போய்விடும். யாராலும் மீட்க முடியாது.

"சனிக்கிழமை இதை அணைச்சிருப்போம்," என்றார் மென்பொருள்காரர். அவர் குரல் இறங்கிப் போயிருந்தது.

அவள் நேரே நிர்வாக அதிகாரியிடம் போனாள். தனக்குப் பதிலாக இருந்தவர் மேல் பழியைப் போட்டிருக்கலாம், அவர்தான் ஊரிலேயே இல்லையே. போடவில்லை. பெயரை மாற்றாமல் விட்டது நான், சேர்க்கச் சொன்னதும் நான் என்று நின்றபடியே சொன்னாள். முதலில் குரல்களைக் காப்பாற்றுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம் என்றார் அதிகாரி. டாக்டரம்மா அன்றைக்குக் குரல் பிரிவையே மூடினார். பெட்டிக்கு வேறு எந்த வேலையும் வைக்கக் கூடாது.

முதல் அத்தைக்காக அலமாரியில் வைத்திருந்த உதிரி டிஸ்க் இரண்டு இருந்தன. செத்ததில் ஒன்றை உருவிவிட்டு முதல் உதிரியைச் செருகியபோது மணி பத்தே முக்கால்.

அதன் பிறகு நடந்ததை அவள் பதினெட்டு வருடத்தில் பல முறை பார்த்திருக்கிறாள். அன்றுதான் பார்த்தாள் என்றே சொல்ல வேண்டும். செத்துப்போன டிஸ்க்கில் என்ன இருந்தது என்று உயிரோடு இருக்கும் எந்த ஒரு டிஸ்க்குக்கும் தெரியாது. ஆனால் ஒவ்வொன்றிடமும் ஒரு துணுக்கு இருக்கிறது. அவை எல்லாம் சேர்ந்து கணக்குப் போட்டு, போனவர் என்ன வைத்திருந்தார் என்பதை எழுத்து எழுத்தாகத் திரும்பச் சொல்கின்றன, வெற்று டிஸ்க் எழுதிக்கொள்கிறது. ஒரு வீட்டில் ஒருவர் போய்விட்டால், மிச்சமிருப்பவர்கள் சுற்றி உட்கார்ந்து அவரை முழுசாகத் திரும்ப வரவழைப்பது மனிதர்களால் முடிகிற காரியமா? இரும்பு செய்துகொண்டிருந்தது.

பதினெட்டு சதவீதம். முப்பத்திரண்டு. ஐம்பது. மென்பொருள்காரர் சாப்பிடப் போகவில்லை. எழுபத்தொன்றில் மூன்றாவது டிஸ்க் ஒன்று தடுமாறத் தொடங்கியது. படிக்க முடியாத இடங்கள் மூன்று என்று திரையில் வந்தது. பிறகு ஒன்பது. பதினாலு. பதறிப்போய் மென்பொருள்காரர் நலம் விசாரிக்கும் ஐந்து நிமிடத்தை அரை நிமிடமாக்கினார்.

"வேணாம் சார், எடுத்துடுங்க," என்றாள். "மூச்சு வாங்கிக்கிட்டு இருக்கறவங்ககிட்ட அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, அதுக்குப் பதில் சொல்லியே உசிரு போயிடும்."

"கேக்கலைன்னா நமக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. ஒரு மணி நேரம் தெரியாமத்தான் இருக்கணும். அவளைத் தொந்தரவு பண்ணாம விடுவோம்."

விசாரிப்பை நிறுத்தினார். அத்தைக்கு நேரே இருந்த விளக்கு சாம்பல் நிறமானது. சாம்பல் என்றால், தெரியாது என்று பொருள். அறுவைக் கூடத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த நாளுக்கும் இதற்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அன்றைக்கும் ஒரு கதவு மூடியிருந்தது, அன்றைக்கும் கேட்பதற்கு ஆள் இல்லை. முந்தானையை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். மென்பொருள்காரர் தன் மனைவியின் சர்க்கரை வியாதி பற்றிச் சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சுக்காக அவள் பிற்பாடு அவருக்கு நன்றி சொன்னாள்.

ஒரு மணி நேரம் கழித்து விசாரித்தார்கள். நூறு.

இரண்டாவது உதிரியையும் செருகினாள். குரல்களின் முதல் நகலையும் தொடங்கினாள். மாலை ஐந்தேகாலுக்கு எல்லாம் முடிந்தது. பெயரைச் 'சின்ன அத்தை' என்று மாற்றி, சேர்த்ததைப் பிரித்து, மறுபடியும் தேடச் சொன்னார்கள். பன்னிரண்டு விளக்குகள் முளைத்தன. பன்னிரண்டும் பச்சை.

குரல்கள் கெடாமல் இருக்கின்றனவா என்று ஏதாவது ஒன்றைத் திறந்து பார்க்கும்படி டாக்டரம்மா போனில் சொன்னார். ஊரார் குரலை அனுமதியில்லாமல் திறக்கக் கூடாது. பெட்டிக்காரம்மா தன் வீட்டுக்காரருக்கு எழுதினாள், உங்கள் குரலைத் திறக்கட்டுமா என்று.

உடனே பதில் வந்தது. "திற. பயந்துக்காதே."

அறையில் இருந்த சின்ன ஒலிபெருக்கியில் முதலில் ஒரு கனைப்பு. பிறகு அந்தக் குரல், கல்லில் தண்ணீர் ஓடுவது போல. டாக்டரம்மா கொடுத்த வாக்கியங்களைப் படித்தது. இன்று திங்கட்கிழமை. எனக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும். பிறகு தாள் புரளும் சத்தம். வீட்டில் அடிக்கடி சொல்வது எதையாவது சொல்லுங்கள் என்று யாரோ கேட்பது மெல்லக் கேட்டது. குரல் சிரித்தது.

"என்னத்த சொல்றது... இந்தா, சாப்பிட்டியா? பொய் சொல்லாத, முகத்தைப் பாத்தாலே தெரியுது. போ, போய்ச் சாப்பிடு. நான் இங்கதான் இருக்கேன்."

அவள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ஒலிபெருக்கியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றாள். அது லேசாக அதிர்ந்தது.

மென்பொருள்காரர் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். அவள் முதுகைப் பார்த்துத் தலை வணங்கினார். வெளியே போய், சத்தம் வராதபடி கைப்பிடியைத் திருகிப் பிடித்து, கதவைச் சாத்தினார்.