மகளின் பையில் இருந்த நாவல்

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை செய்கிறேன். பிளஸ் டூ படிக்கும் என் மகளின் பையில் ஒரு நாவல் இருந்தது. குண்டான பெண்ணொருத்தி இன்னொரு பெண்ணை விரும்பும் கதை. "உடம்பக் கொறைக்கத் துப்பில்ல, இது வேறயா?" என்று கத்தி, கிழித்துப் போட்டேன்.

மறுநாள் ஸ்கூல் விட்டு வெகுநேரமாகியும் அவள் வரவில்லை. ரயிலடிப் பக்கம் போனதாக அவள் தோழி ஒருத்தி சொல்ல, பதறிப்போய் ஜங்ஷனுக்கு ஓடினேன். சென்னை ரயில் புறப்படத் தயாராக நின்றது. பெட்டி பெட்டியாகத் தேடி, ஜன்னலோரம் அவளைக் கண்டுபிடித்தேன்.

"எறங்கு பாப்பா, வூட்டுக்குப் போவலாம்."

"அந்தக் கதையில வர்ற பொண்ணு மாதிரிதாம்மா நானும். இப்ப சொல்லு, வரட்டுமா?"

ரயில் ஊதியது. ஜன்னல் வழியே அவள் கையைப் பிடித்தேன்.

"நீ எப்படி இருந்தாலும் எம்பொண்ணுதான். வா."

இறங்கிவிட்டாள்.

எல்லாம் புரிந்துவிட்டதாகச் சொல்லமாட்டேன். ஆனால் இப்போதெல்லாம் அவள் பேசும்போது குறுக்கே பேசுவதில்லை. "எப்ப எளைக்கப் போற?" என்று கேட்கும் சொந்தக்காரர்களை, அவள் எதிரிலேயே நான் தடுத்துவிடுகிறேன்.