சிவப்புக் காருக்குள் எங்கள் ஜீப்

"செவப்பு வண்டி வந்தது. ரெண்டு பேருக்குத்தான் எடம். புளிக் காசு அத்தனையும் போச்சு."

நாள்காட்டித் தாளின் பின்புறம் அம்மா பென்சிலால் எழுதிய குறிப்பு இது. எதையும் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு அம்மாவிடமிருந்துதான் வந்தது. தாளின் தேதிப் பக்கத்தைக் கரப்பான் தின்றுவிட்டது. மாசி என்ற சொல் மட்டும் தப்பியிருக்கிறது. ஆண்டை நான்தான் மற்றவற்றை வைத்துக் கணக்கிட வேண்டியிருந்தது. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்குத் தார் ரோடு பள்ளிக்கூடம் வரைதான் வந்திருந்தது. அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்ளாமல் இருந்த கடைசி வருடம் அது.

அவர்கள் பேசாமல் போனதற்குக் காரணம் ஒரு ஜீப். இருவரும் சேர்ந்து வாங்கியது. ஊருக்கு பஸ் வராத நாட்களில் மலைச்சனங்களையும் அவர்களின் சாமை மூட்டைகளையும் ஆடுகளையும் அதுதான் ஏற்றி இறக்கியது. ஓட்டியது பெரியப்பா, காசு வாங்கியது அப்பா. வண்டியின் ஆர்.சி. புத்தகம் அப்பா பேரில் இருந்தது. பஸ் வந்த பிறகு ஜீப்பில் ஏற ஆளில்லை. பெரியப்பா மஞ்சள்காமாலையில் வேலூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த சமயம், அப்பா அதை மலைக்குக் கீழே இருந்து வந்த கீழ்நாட்டுத் தரகர் ஒருவருக்கு விற்றுவிட்டார். ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான் விற்றார். ஆனால் கேட்காமல் விற்றார்.

வண்டியைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் இரும்பு ஹேண்டில் மட்டும் பெரியப்பா கட்டிலுக்கு அடியில் கிடந்தது. தரகர் அதையும் கேட்டு ஆள் அனுப்பினார். பெரியப்பா கொடுக்கவில்லை. எங்கள் பக்கம் மாட்டை விற்றால் கயிற்றை அவிழ்த்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். வாங்குகிறவர் தன் கயிற்றைக் கொண்டுவர வேண்டும். கயிறும் போய்விட்டால் தொழுவத்தின் ராசியும் கூடவே போய்விடும். "மாட்டத்தான் வித்துட்ட, கயிறாவது என்கிட்ட இருக்கட்டும்" என்று பெரியப்பா சொன்னாராம். அதுதான் அவர் அப்பாவிடம் பேசிய கடைசி வார்த்தை. நான் அப்போது கைக்குழந்தை.

அதன் பிறகு நான் வளர்ந்து எனக்கு ஒரு வேலை கிடைத்தது. இரண்டு வீட்டுக்கும் களம் ஒன்றுதான். சாயங்காலம் இந்த ஓரத்தில் அப்பாவும் அந்த ஓரத்தில் பெரியப்பாவும் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் நான். ஒருவர் சொல்வதை நான் மற்றவரிடம் சொல்ல வேண்டும். அவர் அதை ஏற்கெனவே காதால் கேட்டிருப்பார். இருந்தாலும் நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்துதான் பதில் சொல்வார். உலகத்தில் எல்லா அண்ணன் தம்பிகளுக்கும் நடுவில் இப்படி ஒரு பிள்ளை இருக்கும் என்றே நினைத்திருந்தேன்.

அந்த மாசியில் அப்பா புளி விற்க மலைக்குக் கீழே சந்தவாசல் போய்த் திரும்பினார். புளிக் காசில் வீட்டுக்குத் தளம் போடுவதாகப் பேச்சு. அப்பா அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் நேராகக் களத்துக்கு வந்தார்.

"பாப்பா, பெரியப்பாகிட்ட சொல்லு. நம்ம ஜீப்பு இன்ஜின் சந்தவாசல்ல ஓடுதுன்னு."

நான் சொன்னேன். கொடுவாளைத் தீட்டிக்கொண்டிருந்த பெரியப்பாவின் கை நின்றது.

"எதுல ஓடுதாம், கேளு."

"செவப்புக் காருல. ஸ்போர்ட்ஸ் காராம்."

"உங்கப்பனுக்கு வெயிலு மண்டைக்கு ஏறிட்ச்சின்னு சொல்லு."

அப்பா என் மூலமாக விவரத்தை அனுப்பினார். டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது ரோட்டில் அந்தச் சத்தம் கேட்டதாம். நாலு அடி ஓடி ஒரு விக்கல் விக்கும் நம் ஜீப்பின் சத்தம். எழுந்து ரோட்டுக்கு ஓடினால், ஜீப்பைக் காணோம், தரையோடு தரையாக ஒரு சிவப்புக் கார் போகிறது. அரிசி மில் வைத்திருப்பவருடையது. அந்தக் காலத்து வெளிநாட்டு வண்டி. சொந்த இன்ஜினுக்குச் சாமான் கிடைக்காததால், பழைய இரும்புக் கடையில் கிடந்த ஜீப் இன்ஜின் ஒன்றை எடுத்து வேலூரில் மாற்றி வைத்திருக்கிறார்கள். மில்காரரின் மனைவி அதில் ஏற மாட்டேன் என்கிறாராம். மில்காரர் விற்கத் தயாராக இருக்கிறார்.

அம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். விற்ற மாட்டைத் திரும்ப வாங்குவது எங்கள் ஊரில் இல்லாத வழக்கம் என்று நினைவூட்டினாள்.

"அது வேற தோலு போத்திக்கினு வந்துட்ச்சே, இன்னா பண்ண" என்றார் அப்பா.

பெரியப்பா சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை. ஆனால் மறுநாள் காலை அப்பாவும் நானும் ஏற நின்ற முதல் பஸ்ஸுக்கு அவரும் வந்து நின்றார், கையில் ஓர் உரச்சாக்குடன். அப்பா முன் சீட்டிலும் பெரியப்பா பின் சீட்டிலும் உட்கார்ந்தார்கள். போளூரில் பஸ் மாறும்வரை நான் தூது சொல்லி முன்னும் பின்னும் நடந்ததில் கண்டக்டர் என்னைத் திட்டினார்.

மில் கொட்டகையில் தார்ப்பாயை இழுத்ததும் நான் கிட்டே ஓடினேன். பழுத்த மிளகாய் நிறம். கூரை கிடையாது. நீண்ட மூக்கு, தவளைக் கண் போல இரண்டு விளக்கு. கதவின் மேல்விளிம்பு என் இடுப்புக்குத்தான் வந்தது. பேர் எழுதிய தகடு இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள் மட்டும். ஜீப் இன்ஜின் உயரமானது என்பதால் பானெட்டை அறுத்து, நடுவில் தகரத்தால் ஒரு மேடு கட்டியிருந்தார்கள். மானுக்குத் திமில் வைத்த மாதிரி இருந்தது. மில்காரர் சாவி போட்டதும் முழு வண்டியும் நடுங்கியது. அவ்வளவு அழகான உடம்புக்குள்ளிருந்து கதிரடிக்கும் மிஷினின் சத்தம் வந்தது. எனக்கு அழுகை வரும் போலிருந்தது.

பெரியப்பா மாட்டுச் சந்தையில் சுற்றுவது போல வண்டியை மூன்று முறை சுற்றி வந்தார். பிறகு அணைக்கச் சொன்னார். உரச்சாக்கிலிருந்து பழைய லுங்கி சுற்றிய ஒன்றை எடுத்து அவிழ்த்தார். அந்த ஹேண்டில். அப்பா அதைப் பார்த்ததும் மறுபக்கம் திரும்பி, குவித்திருந்த தவிட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, செல்ஃப் ஸ்டார்ட்டே நல்லாத்தாங்க கீது. இன்னாத்துக்கு ஹேண்டிலு?" என்றார் மில்காரர்.

பேட்டரி இறங்கினால் சுற்ற வசதியாக, வேலூர்க்காரர்கள் முன் தகட்டில் ஓட்டை போட்டிருந்தார்கள். பெரியப்பா அதில் ஹேண்டிலை விட்டார். உள்ளே போய்ச் சிக்கெனப் பொருந்தியது. சுற்றினார். மூன்றாவது சுற்றில் வண்டி பிடித்துக்கொண்டது. அவர் ஹேண்டிலை உருவிவிட்டு, பசுவின் முதுகில் வைப்பது போலப் பானெட் மேட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். நானும் கவனித்துக் கேட்டேன். விக்கல் இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா பெரியப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. வண்டி கிடைக்காமல் போய்விடுமோ என்று பயப்படுகிறார் என நினைத்தேன்.

"சொல்லு யம்மா" என்றார் பெரியப்பா. "நம்ம இன்ஜின்தான்."

பேரம் பேசி, புளிக் காசு கைமாறி, மில்காரர் சாவியைக் கொடுத்தார். அப்பா சாவியோடு வண்டியைச் சுற்றி வந்து ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"ண்ணா, நீ ஓட்டு."

பழக்கம் விடவில்லை. "பெரியப்பா, அப்பா இன்னா சொல்றாருன்னா" என்று நான் ஆரம்பித்தேன்.

"காதுல வுழுந்துச்சி" என்று சொல்லிவிட்டு அவர் ஏறி உட்கார்ந்தார்.

இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருந்த மேட்டில் என்னை உட்கார வைத்தார்கள். மலை ஏற ஆரம்பித்ததும் இருவரும் சண்டை போடத் தொடங்கினார்கள். செகண்டு போடு என்றார் அப்பா. எனக்குத் தெரியும் என்றார் பெரியப்பா. அத்தனை வருடம் சேர்த்துவைத்த ஏச்சுகளெல்லாம் வளைவுக்கு வளைவு வெளியே வந்தன. ஆஸ்பத்திரியில் கட்டிய காசு, சொல்லாமல் விற்றது, என் மொட்டைக்கு வராதது எல்லாமே வந்தன. பஸ் எங்களை முந்திப் போனது. பிறகு ஒரு டிராக்டரும் முந்தியது; அதிலிருந்தவர்கள் எழுந்து நின்று எங்களைப் பார்த்தார்கள். என்னிடம் யாரும் தூது கேட்காததால் நடுவில் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். சிவப்புக் காரில் போகும் சந்தோஷத்திலும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். என் வேலை போய்விட்டது.

தார் ரோடு முடிந்த இடத்தில் வண்டியின் வயிறு கல்லில் உட்கார்ந்துவிட்டது. ஊரே வந்து தூக்கிப் பள்ளிக்கூடத்து நாவல் மரத்தடியில் வைத்தது. அதைத் தாண்டி ஊருக்குள் அது வரவே இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் பெரியப்பாவும் அதைத் துடைத்து ஜமுனாமரத்தூர் வரை ஒரு நடை போய்வருவார்கள். ஒரு பலாப்பழ சீசனில் அம்மாவும் பெரியம்மாவும் மடியில் ஆளுக்கொரு பழத்துடன் அதில் சந்தைக்குப் போனதை ஊர் இன்னும் பேசுகிறது. சில வருடங்கள் கழித்துப் பெங்களூர்க்காரர் ஒருவர் தேடி வந்து அந்த வண்டியை வாங்கினார். அவருக்குக் கூடு மட்டும் போதுமாம். இன்ஜினை இறக்கி வைத்துவிட்டுப் போனார். அது இப்போது எங்கள் கிணற்றில் தண்ணீர் இறைக்கிறது.

நான் கல்லூரியில் படித்தபோது, கணியம்பாடியில் ஒரு பட்டறை வாசலில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். அங்கிருந்த மெக்கானிக் ஒரே ஹேண்டிலை எடுத்து, நின்ற மூன்று ஜீப்புகளுக்கும் வரிசையாக விட்டுச் சுற்றினார். மூன்றிலும் பொருந்தியது. அந்த வகை ஜீப் எல்லாவற்றுக்கும் ஒரே ஹேண்டில்தான் என்றார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது: ஜீப் காலத்தில் மற்ற வண்டிக்காரர்கள் எங்கள் ஹேண்டிலை இரவல் வாங்கிப் போவார்கள் என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள். அது எதற்கும் சாட்சியாகாது என்பது ஜீப் வைத்திருந்த அந்த இருவருக்கும் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

பெரியப்பாவிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "சத்தம் நம்முது மாதிரி இல்லம்மா. ஆனா உங்கப்பன் என் மூஞ்சியவே பாத்துக்கினு நின்னான். இல்லன்னு சொல்ல வாய் வர்ல" என்றார்.

மிச்சம் இருப்பது ஒன்று. சந்தவாசல் டீக்கடையில் அப்பா அந்த விக்கலை உண்மையிலேயே கேட்டாரா, அல்லது அண்ணனைக் கூப்பிட ஒரு காரணம் வேண்டும் என்று ஏதோ ஒரு சத்தத்தைப் பிடித்துக்கொண்டாரா? இன்ஜின் எண் இருந்த இடத்தை வேலூர்ப் பட்டறைக்காரர்கள் ராவிவிட்டார்கள். அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. அப்பாவிடம் இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். இரண்டு முறையும் டீ ஆறுகிறது, குடி என்றார். எனவே இதை மட்டும் உறுதிப்படாதது என்று குறித்து வைக்கிறேன்.